கருப்புக் கிளிப்பை எங்கே மாட்டினீர்கள்? மார்கழிக் காலையில் கிளம்பாத காரும் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையின் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையும்

இந்த மார்கழித் திருவாதிரை அன்று, விடிவதற்கு முன்பே நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் நடராசரைத் தரிசிக்க வேண்டும் என்று 78 வயதான என் அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டரை மணிக்கே எழுந்து குளித்து, களி கிண்டி மூடி வைத்துவிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாகக் காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டே இரண்டு சுற்று இழுத்தது. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி, அவருடைய காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுப் பார்த்தோம். அப்போதும் அதே முனகல்தான். ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, இந்தக் காருக்கு என்னதான் நோய் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நோய் புதிதன்று. கார் 2015இல் வாங்கிய சிறிய டீசல் கார். சென்ற ஆண்டு மார்கழியிலும் அதிகாலையில் இப்படித்தான் இழுத்தது. அப்போது நகரின் பெரிய பேட்டரிக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்த ஊழியர், பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தார். நான்கு ஆண்டு ஆகிவிட்டது என்றார். 7,200 ரூபாய்க்குப் புதியதைப் பொருத்தி அனுப்பினார். மீட்டர் எதையும் அவர் வைத்துப் பார்க்கவில்லை. கார் சில மாதங்கள் நன்றாகவே கிளம்பியது. இந்த மார்கழியில் நோய் திரும்பியதும் அதே கடைக்குப் போனபோது, பேட்டரியை வைத்துவிட்டுப் போங்கள், கம்பெனிக்கு அனுப்பி உத்தரவாதத்தில் மாற்ற முடியுமா என்று ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். ஒரு வாரம் கார் இல்லாமல் இருக்க முடியாத நிலையில்தான், எங்கள் பள்ளி வேனை ஓட்டும் அண்ணன், வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் அண்ணாச்சியைப் பார்க்கச் சொன்னார். இந்த மதிப்புரை அந்தக் கடையைப் பற்றியது.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டு வந்த வெள்ளத்தில் பழைய பலகை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் புதிதாக ஒன்று மாட்டவில்லை. வேப்பமரத்தடியில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு இடம், தகரக் கூரை, சுவரில் வரிசையாகத் தொங்கும் கேபிள்கள், ஒரு மர மேசை, அதன் மேல் ஒரு மல்டிமீட்டர், ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்கக் கண்ணாடிக் குழாயுடன் ஹைட்ரோமீட்டர். புதுப் பேட்டரி ஒன்றுகூட விற்பனைக்கு இல்லை என்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. பேட்டரி விற்காதவர் பேட்டரியைப் பற்றிச் சொல்வதை நம்பலாம் என்று அப்போதே தோன்றியது.

அண்ணாச்சி உடனே பானெட்டைத் திறக்கவில்லை. என்னை உட்கார வைத்து, நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன் என்று தெரிந்துகொண்டு, அன்று முதல் என்னை டீச்சர் என்றே அழைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். செல்ஃப் என்ன சத்தம் போட்டது என்பது முதல் கேள்வி. டக்டக்டக் என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் சக்தி இல்லை என்று பொருள். ஒரே ஒரு டக் மட்டும் கேட்டு அடங்கினால் செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலினாய்டையோ செல்ஃப் மோட்டாரையோ சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு டீசல் பக்கமும், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பக்கமும் போக வேண்டும். என் கார் முனகி இழுத்தது என்றதும், உள்விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, சாவியைத் திருப்பும்போது அது மங்கியதா என்று கேட்டார். கொஞ்சம் மங்கியது, அணையவில்லை என்றேன். வண்டியை நிறுத்திய பிறகும் மின்சாரம் இழுக்கும்படி பின்னால் சேர்த்த கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ இருக்கிறதா என்றும் கேட்டார். ஒன்றும் இல்லை. மதியத்தில் கிளம்புகிறதா என்றார். மதியத்தில் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை என்றேன். அதன் பிறகு, நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத அந்தக் கேள்வி வந்தது.

“கேபிள் போட்டுப் பாத்தம்னு சொன்னியளே, அந்தக் கருப்புக் கிளிப்ப எங்க மாட்டுனிய டீச்சர்?”

பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டினோம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது முதலில் சிவப்புக் கிளிப்பைக் கிளம்பாத காரின் பிளஸ் முனையிலும், அதன் மறுமுனையை உதவிக் காரின் பிளஸிலும், பிறகு கருப்பை உதவிக் காரின் மைனஸிலும் மாட்டி, கடைசிக் கருப்புக் கிளிப்பைக் கிளம்பாத காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும் என்பது முறை. பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயுவின் அருகில் தீப்பொறி பறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் பாதுகாப்பு விதி அது என்று மட்டுமே நான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு பயனும் உண்டு என்பதை அண்ணாச்சிதான் சொன்னார். பேட்டரியின் மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் எர்த் கேபிளில் கோளாறு இருந்தால், கருப்புக் கிளிப்பை மைனஸ் முனையில் மாட்டுகிறவர்களுக்கு எத்தனை நல்ல பேட்டரி துணைக்கு வந்தாலும் கார் கிளம்பாது, ஏனென்றால் அந்த மின்சாரமும் அதே கெட்டுப்போன பாதையில்தான் போயாக வேண்டும். எஞ்சினில் மாட்டினால் அந்தப் பாதையை அது தாண்டிவிடும், கார் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆகவே கிளிப்பை மாட்டிய இடமே அவருக்குப் பாதி நோயைச் சொல்லிவிட்டது.

மீதிப் பாதியை அன்றே பார்க்க அவர் மறுத்தார். நான் காரை ஓட்டி வந்ததால் எஞ்சின் சூடாக இருந்தது. “காலையில வார நோவக் காலையிலதான் பாக்கணும். ராத்திரி இங்கயே வெளியில கெடக்கட்டும், விடியக்காலம் அஞ்சரைக்கு வாங்க” என்றார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரை மனமாரப் பாராட்டுகிறேன். காலைக் குளிரில் மட்டும் வரும் கோளாறுள்ள வண்டியை மதியம் இரண்டு மணிக்குச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றோ, எதற்கும் பேட்டரியை மாற்றிவிடலாம் என்றோ சொல்லி அனுப்பும் இடங்களுக்குத்தான் நான் அதுவரை போயிருக்கிறேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் போனபோது கார்க் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. தகரக் கூரையின் தூணில் தொங்கிய வெப்பமானி 21 டிகிரி காட்டியது. அண்ணாச்சி முதலில் மல்டிமீட்டரின் இரண்டு குச்சிகளையும் பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தார், 12.58 வோல்ட். நிறைவாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12.2க்கு வந்துவிட்டால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். ஆகவே பேட்டரியில் பசி இல்லை. பிறகு கடைப் பையனைச் சாவியைத் திருப்பச் சொன்னார். செல்ஃப் அதே முனகலுடன் இழுத்தது. பேட்டரி முனைகளில் 10.3 வோல்ட். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6க்குக் கீழே இறங்காத வரை பேட்டரியைக் குற்றம் சொல்லக் கூடாது என்றார். அடுத்து, ஒரு குச்சியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே வைத்துக்கொண்டு, மற்றதை எஞ்சினின் இரும்பில் அழுத்திப் பிடித்து மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னார். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் இருப்பது வெறும் எர்த் இணைப்பு. ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும், மிஞ்சிப்போனால் 0.2 வோல்ட் வரலாம். மீட்டரில் 1.9 என்று வந்தது. கிளாம்ப் மீட்டர் 190 ஆம்பியர் காட்டியது. பையனை இரண்டு முறை கூடுதலாக இழுக்கச் சொல்லிவிட்டு, காரின் அடியில் டார்ச் அடித்து, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் கம்பியின் முனையைத் தொட்டுப் பாருங்கள் என்றார். அந்தக் குளிரில் எல்லா இரும்பும் சில்லென்று இருக்க, அந்தக் கம்பியின் முனை மட்டும் காபி டம்ளர் போலச் சுட்டது.

வகுப்பறையில் ஆண்டுதோறும் ஓம் விதியை நடத்துகிறேன். 1.9 வோல்ட்டை 190 ஆம்பியரால் வகுத்தால் 0.01 ஓம் வருகிறது. ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு! சாதாரண மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அந்தக் கம்பியைச் சோதித்திருந்தால், மீட்டர்க் குச்சிகளின் கம்பியிலேயே அதைவிடப் பலமடங்கு தடை இருப்பதால், கோளாறு கண்ணுக்கே தெரிந்திருக்காது. ஆனால் 190 ஆம்பியர் ஓடும்போது அந்தத் துளித் தடையே 360 வாட் அளவுக்கு மின்சாரத்தைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது; செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 8.4 வோல்ட்தான். அளவு சிறியதாக இருந்தாலும் ஓட்டம் பெரியதானால் இழப்பு பெரியதாகும் என்று மாணவர்களுக்குச் சொல்லும் வாக்கியத்தை நான் முதன்முறையாக விரல் நுனியில் உணர்ந்தது அந்தக் காலையில்தான்.

மதியத்தில் ஏன் கிளம்பியது என்பதும் அப்போது விளங்கியது. இரவு முழுவதும் ஆறிய எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால் எஞ்சினைச் சுழற்றச் செல்ஃப் மோட்டாருக்கு அதிக ஆம்பியர் வேண்டியிருக்கிறது. ஆம்பியர் ஏற ஏற அந்தக் கம்பியில் இழப்பும் ஏறுகிறது. போதாததற்கு, சென்ற கோடையில் வேறொரு பட்டறையில் நம் ஊர் வெயிலுக்கு இதுதான் நல்லது என்று 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தார்கள். கார் தயாரித்தவர்கள் கையேட்டில் சொல்லியிருப்பதோ குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ30. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை வேகமாக அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுழன்றால் அந்தச் சூடு சிலிண்டர்ச் சுவரிலேயே கரைந்துவிடும். ஆனாலும், எங்கள் ஊரின் 21 டிகிரியைக் குளிர் என்று சொல்வதே மிகை. லடாக்கின் குளிரில் டீசலில் இருக்கும் மெழுகே உறைந்துபோகும் என்பதால், இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையுள்ள குளிர்கால டீசலை அங்கே அறிமுகப்படுத்தியது. அந்தச் சிக்கல் எதுவும் நமக்கு இல்லை. நம் மாவட்டத்தில் குளிர் என்று சொல்லத் தக்கது மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மலைமேல் இருக்கும் இடங்களில்தான்; அங்கே ஜீப் ஓட்டியவர்கள் இரவில் சரிவு பார்த்து நிறுத்துவார்கள், காலையில் உருட்டி விட்டே கிளப்புவார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். சமவெளியில் இருக்கும் நமக்கு, மார்கழி நோயைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் நோயை வெளியே காட்டுகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க, ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். கார் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. துணைக்கு வேறு பேட்டரி இல்லை, வேறு கார் இல்லை. பாதையை மாற்றியது மட்டும்தான். பழைய பின்னல் கம்பியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெள்ளத்தின்போது கொக்கிரகுளத்தில் என் அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்த இந்தக் காரில் சக்கரத்தின் பாதி வரை ஓர் இரவு முழுவதும் சேற்றுத் தண்ணீர் நின்றது. அந்தச் சேறு பின்னலுக்குள் புகுந்து, செம்பு இழைகள் பச்சையாகக் களிம்பேறி, விரலால் நிமிண்டினால் உதிர்ந்தன. உயிரைப் பற்றியிருக்கும் மலத்துக்குச் செம்பில் ஊறிய களிம்பு என்று சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தாமிர சபைக்குப் போகவிடாமல் எங்களை நிறுத்தியது அந்தக் களிம்புதான் என்பதை வீட்டில் சொன்னபோது அம்மா வெகுநேரம் அந்தக் கம்பியையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய பின்னல் கம்பியைப் பொருத்தும் முன், போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு மின்னும்படி செய்தார்; டெர்மினல்களில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் கழுவித் துடைத்து வாஸ்லின் தடவினார். திரும்பவும் சோதித்தபோது 1.9 இருந்த இடத்தில் 0.08 வோல்ட் வந்தது. கம்பிக்கு 350, கூலிக்கு 400, டெர்மினல் வேலைக்கு 100 என்று மொத்தம் 850 ரூபாய். சோதனைக்கு மட்டும் 200 ரூபாய் வாங்குவார். வேலையும் அவரிடமே செய்தால் அதைக் கழித்துவிடுகிறார். சென்ற ஆண்டு 7,200 ரூபாய்க்கு வாங்கிய புதுப் பேட்டரி, தன் புது வலுவால் இந்தக் கோளாறை ஓராண்டு மறைத்து வைத்திருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பேட்டரியே கெட்டுப்போவதில்லை என்று இதற்குப் பொருளாகிவிடாது. நான் காத்திருந்த நேரத்தில் ஒரு டிராவல்ஸ் வேன் வந்தது. அதன் பேட்டரி ஆறு மூடிகள் உள்ள பழைய வகை. அண்ணாச்சி ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சினார். ஐந்து செல்களில் மிதவை 1240இல் நின்றது. நான்காவது செல்லில் மட்டும் 1140க்கு ஆழ்ந்து போனது, அங்கே ஆசிட் நீர்த்துவிட்டது என்று பொருள். அந்த ஒரு செல்லுக்காக முழுப் பேட்டரியையும் மாற்றத்தான் வேண்டும் என்று வேன்காரரிடம் தயங்காமல் சொல்லி, பழையதைத் தெருவில் போகிற பழைய இரும்புக்காரரிடம் போடாமல் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னிடம், “சித்திரையில செத்தது டீச்சர், மார்கழியிலதான் சொல்லுது” என்றார். உண்மைதான். சூடு ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஈயத் தகடுகளின் அரிப்பு இரட்டிப்பாகும் என்பது பேட்டரி வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும் நாட்களில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். தண்ணீர் ஆவியாகி, தகடு வெளியே தெரிந்து, அப்படியே விட்ட செல் ஐப்பசி கார்த்திகை வரை எப்படியோ தள்ளிவிடும். குளிர்ந்த எஞ்சின் அதிக ஆம்பியர் கேட்கும் முதல் மார்கழிக் காலையில் கைவிரித்துவிடும். ஆகவே திறக்கும் மூடிகள் உள்ள பேட்டரி வைத்திருப்பவர்கள் பங்குனி, சித்திரையில் மாதம் ஒரு முறை டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பார்க்க வேண்டும் என்றும், குழாய்த் தண்ணீரோ ஆசிட்டோ ஒருபோதும் ஊற்றக் கூடாது என்றும் அவர் எல்லாரிடமும் சொல்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகும் இடமாக அது இல்லை. ஒரே ஒரு முக்காலிதான் உண்டு, வெயில் ஏறினால் தகரம் கொதிக்கும். ரசீது என்று துண்டுத் தாளில் எழுதித் தருகிறார். கம்பிக்கு உத்தரவாதம் எவ்வளவு என்று கேட்டு நாமே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையில் இருக்கும்போது போனை எடுப்பதில்லை என்பதால் நேரில்தான் போக வேண்டும். எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது வேறு: ஹைட்ரோமீட்டரால் ஆசிட் எடுக்கும்போது அவரும் சரி, அந்தப் பையனும் சரி, கண்ணாடியோ கையுறையோ போடவில்லை. பள்ளி ஆய்வகத்தில் நீர்த்த கந்தக அமிலத்துக்கே கண்ணாடி போடச் சொல்கிறவள் நான் என்று சொன்னேன். அடுத்த முறை வரும்போது இரண்டு ஜோடிப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி வந்து கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறேன். சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் புதிய வகைக் கார்களை அவர் எடுப்பதில்லை. அவற்றின் பேட்டரியை மாற்றினால் காரின் கணினியில் பதிய வேண்டியிருக்கும், அந்தக் கருவி என்னிடம் இல்லை என்று சொல்லிக் கம்பெனி சர்வீசுக்கே அனுப்பிவிடுகிறார்.

காலையில் காரைக் கிளப்பச் சிரமப்படுகிறவர்கள் அங்கே போவதானால், முதல் நாள் மாலையே கொண்டுபோய் விட்டுவிடுவது நல்லது. வழக்கமாக ஒன்பது மணிக்குத்தான் கடை திறக்கும், ஆனால் இப்படி இரவு நிற்கும் வண்டிகளுக்காக விடியற்காலையில் வந்துவிடுகிறார், ஞாயிறு விடுமுறை. போகும்போது, வண்டி போட்ட சத்தம், உள்விளக்கு மங்கிய அளவு, கடைசியாக ஊற்றிய ஆயிலின் எண், வெள்ளத்தில் நின்றதா இல்லையா, இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள், அவர் கேட்பார். என் கார் அதன் பிறகு பதினோரு காலைகள் கிளம்பியிருக்கிறது. ஆயிலையும் 5டபிள்யூ30க்கு மாற்றிவிட்டேன். நேற்று விடியற்காலை அம்மாவைத் தாமிர சபைக்கு அழைத்துப் போனேன். திருவாதிரைக் கூட்டம் இல்லாததால் கிட்டே நின்று பார்க்க முடிந்தது.